1/3 பொம்மைக்கு நீளச் சடை: மொஹேரா, கனேகலானா?

லெனேசியா_மலர் (ஜோகன்னஸ்பர்க்)

எல்லாருக்கும் வணக்கம். தென்னாப்பிரிக்காவில் பிஜேடி (மூட்டுகளில் உருண்டை வைத்து, கைகால் அசையும் பொம்மை) வைத்திருக்கும் தமிழர்கள் இத்தனை பேர் இருப்பது சமீபத்தில்தான் தெரிந்தது, ரொம்ப சந்தோஷம். என்னிடம் இருப்பது 1/3 அளவு, அதாவது ஆள் உயரத்தில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு, 57 செ.மீ. பெண் பொம்மை. மாநிற ரெசின் (வார்த்த கெட்டிப் பிளாஸ்டிக்) உடம்பு, பழுப்புக் கண். என் மகள் பரதநாட்டியம் கற்கிறாள். அவளுடைய அரங்கேற்ற உடையையே சின்ன அளவில் இந்தப் பொம்மைக்குத் தைத்து அவளுக்குக் கொடுக்க ஆசை. தையல் எனக்கு வரும். முடிதான் பிரச்சினை.

நடுவகிடு எடுத்து, இடுப்புக்குக் கீழே தொங்கும் சடை வேண்டும். வெளிநாட்டிலிருந்து கருப்பு விக் ஒன்று வரவழைத்தேன். படத்தில் அழகாக இருந்தது. கையில் எடுத்தால் ஒரே பளபளப்பு. நெற்றியோர முடி படியாமல் முன்னால் துருத்துகிறது. பின்னிப் பார்த்தால் சடை என் கட்டைவிரல் பருமனுக்கு வருகிறது. பொம்மையின் கையே அவ்வளவு பருமன் இல்லை! கடைகளில் பொன்னிறம், வெள்ளி, இளஞ்சிவப்பு என்று எல்லாம் இருக்கிறது. எண்ணெய் வைத்துப் படிய வாரிய கருப்புத் தலை மட்டும் இல்லை.

மகளுக்கு மொட்டை போட்டபோது எடுத்து வைத்த கொஞ்சம் முடி இருக்கிறது. அதை வைத்துச் செய்யலாமா? இல்லையென்றால் வேறு எதை வைத்துச் செய்வது?

---

தையல்பெட்டி (சாட்ஸ்வர்த்)

மலர், நல்ல காரியம் தொடங்கியிருக்கிறாய். மொட்டை முடியைப் பத்திரமாக வைத்துக்கொள், பொம்மைத் தலைக்கு வேண்டாம். அது சடைக்குப் பத்தாத நீளம் என்பது ஒன்று. இன்னொன்று கணக்கு.

பெரியவர்களின் தலைமுடி ஒன்றின் தடிமன் ஏறத்தாழ 70 மைக்ரான் (மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்குதான் மைக்ரான்). 160 செ.மீ. உயரப் பெண்ணை 57 செ.மீ. பொம்மையாகச் சுருக்கினால் எல்லாம் 2.8 மடங்கு சின்னதாகிறது. முடியையும் அதே கணக்கில் சுருக்கினால் 25 மைக்ரான் வர வேண்டும். நீ வாங்கிய விக்கின் இழை மனித முடி அளவு தடிமன் இருக்கும். பொம்மைத் தலையில் அது முடியாகத் தெரியாது, கம்பியாகத் தெரியும். குழந்தை முடி கொஞ்சம் மெல்லிசு, ஆனாலும் போதாது.

25 மைக்ரான் இழைக்கு நாம் கடல் தாண்ட வேண்டியதே இல்லை. குட்டி அங்கோரா ஆட்டின் ரோமம், அதாவது கிட் மொஹேர், கிட்டத்தட்ட அந்த அளவுதான். உலகத்தில் விளையும் மொஹேரில் பாதி நம் நாட்டில் விளைகிறது, அதுவும் பெரும்பாலும் ஈஸ்டர்ன் கேப் மாகாணத்தின் கரூ வறள்நிலத்தில். உலகம் முழுக்கப் பிஜேடி விக் செய்கிறவர்கள் தேடித் தேடி வாங்குகிற சரக்கு நமக்கு ஒரு பேருந்துப் பயணத் தூரத்தில் கிடக்கிறது. நாமோ வெளியிலிருந்து வரும் பிளாஸ்டிக் முடிக்கு வரியும் தபால் செலவும் கட்டுகிறோம். எனக்கு இதில் தீராத ஆதங்கம்.

---

கரூ_ஆடு (போர்ட் எலிசபெத்)

தையல்பெட்டி அக்கா சொன்னது சரி. நான் மொஹேர் ஏலம் நடக்கும் ஊரில் இருக்கிறவன் (இப்போது கெபேர்ஹா என்று பெயர், வாய் இன்னும் பழக்கத்தை விடவில்லை). கொஞ்சம் விவரம் சேர்க்கிறேன்.

அங்கோரா ஆடு துருக்கியிலிருந்து 1838-ல் இங்கே வந்தது. வருடத்துக்கு இரண்டு முறை ரோமம் வெட்டுவார்கள். மாதம் 2 செ.மீ.க்குக் கொஞ்சம் மேல் வளரும் என்பதால் ஒரு வெட்டுக்கு 12 முதல் 15 செ.மீ. நீளம் வரும். ஆட்டுக்கு வயது ஏற ஏற இழையும் தடிக்கும். முதல் வெட்டு 25 மைக்ரான் பக்கம் இருக்கும், வயதான ஆட்டில் 35-ஐத் தாண்டிவிடும். அதனால் வாங்கும்போது 'மொஹேர்' என்று மட்டும் கேட்காதீர்கள், 'கிட்' என்று கேளுங்கள். பெரிய ஆட்டு ரோமத்தை வைத்துச் செய்தால் பொம்மைக்கு வயசாளி முடி மாதிரி முரட்டுத்தனம் வரும்.

மெல்லிசு இழை ஏன் படிகிறது என்பதற்கும் காரணம் உண்டு. ஓர் இழையின் விறைப்பு தடிமனோடு நேர் விகிதத்தில் ஏறுவதில்லை, நான்காம் அடுக்கில் ஏறுகிறது. தடிமன் பாதியானால் விறைப்பு பதினாறில் ஒரு பங்காகிவிடும். மலர் சொன்ன 'நெற்றியில் துருத்தும்' தொல்லைக்கு அதுதான் காரணம். 57 செ.மீ. பொம்மையில் முடியின் நீளம் குறைவு, கீழே இழுக்கும் எடையும் குறைவு. தடித்த இழை தன் விறைப்பிலேயே நிற்கும். எண்ணெய், ஜெல் எது தடவினாலும் படியாது. எண்ணெய் பட்டால் ரெசினும் அழுக்காகும், அது தனித் தொல்லை.

---

பீனிக்ஸ்_ரசிகன் (பீனிக்ஸ்)

இரண்டு பேரும் மொஹேரை இவ்வளவு தூக்கிப் பேசுகிறீர்கள், நீளத்தைப் பற்றி யாரும் பேசவில்லையே! 15 செ.மீ. ரோமத்தில் இடுப்புக்குக் கீழே சடை எப்படி வரும்? உச்சியிலிருந்து பின்னந்தலை வழியாக இடுப்பு தாண்ட 57 செ.மீ. பொம்மைக்கு 30 செ.மீ. முடி வேண்டும், பின்னும்போது சுருங்குவதையும் சேர்த்தால் 35.

என் பொம்மைகள் இரண்டும் 1/4 அளவு. இரண்டுக்கும் கனேகலான், அதாவது பின்னலுக்கு விற்கும் செயற்கை முடிதான். பின்னல் போடும் பெண்கள் வாங்குகிற அதே ஜம்போ பாக்கெட், எந்தத் தெருமுனை முடிக்கடையிலும் கிடைக்கும். நீளத்துக்குக் குறைவே இல்லை. கருப்பு நிறம் இழைக்குள்ளேயே இருப்பதால் ரெசினில் கறை ஒட்டாது. பின்னி முடித்து வெந்நீரில் முக்கி எடுத்தால் அந்த வடிவிலேயே நிற்கும். நம் ஊர்ப் பின்னல்காரப் பெண்கள் நுனியை வெந்நீரில் முக்குவது அதற்காகத்தான். பளபளப்பு போக, முகத்துக்குப் போடும் பவுடரைத் தூவிச் சீவி உதறினால் போதும். வெந்நீர் மட்டும், இஸ்திரிப் பெட்டியைப் பக்கத்தில் கொண்டு வராதீர்கள், சுருங்கிக் கட்டியாகிவிடும்.

---

தையல்பெட்டி (சாட்ஸ்வர்த்)

தம்பி, நீளம் பற்றிச் சொன்னது நியாயம். சடைக்குக் கனேகலான் சரி என்று கூட ஒத்துக்கொள்வேன். நெற்றிக்கு ஒத்துக்கொள்ள மாட்டேன். பிஜேடியை உயிருள்ளதாகக் காட்டுவது கண்ணும் நெற்றியோரமும்தான். அங்கே முடி தலையிலிருந்து முளைத்த மாதிரி இருக்க வேண்டும். கனேகலானில் அது வரவே வராது, பவுடர் போட்டாலும்.

---

பீனிக்ஸ்_ரசிகன் (பீனிக்ஸ்)

அக்கா, நெற்றியோரத்தை நெத்திச்சுட்டியும் சூரிய சந்திரப் பிறையும் மறைத்துவிடாதா? நாட்டிய அலங்காரத்தில் எவ்வளவு நெற்றி தெரியப்போகிறது?

---

தையல்பெட்டி (சாட்ஸ்வர்த்)

வகிடு தெரியும். காதுக்கு மேலே இருபக்கமும் தெரியும். நகையைக் கழற்றி வைத்துவிட்டு அந்தப் பெண் குழந்தை பொம்மைக்குச் சாதாரண பாவாடை சட்டை போடும் நாளில் எல்லாம் தெரியும். நகையை நம்பி முடி செய்வது எனக்குப் பிடிக்காது.

---

நுண்கரம் (பீட்டர்மாரிட்ஸ்பர்க்)

இரண்டு பேரும் சரி. மலர், உங்கள் மகள் மேடை ஏறும்போது இடுப்பு வரை தொங்கப்போகும் சடை முழுக்க அவளுடைய முடியா? பெரும்பாலான பிள்ளைகளுக்குச் சவுரி வைத்துத்தானே பின்னுகிறோம்? பொம்மைக்கும் அதையே செய்யுங்கள். தலைக்கு மொஹேர், சடைக்குத் தனிச் சவுரி. இரண்டும் சேரும் இடத்தில் ராக்கொடி வரும், அதைச் சுற்றிப் பூ வரும். அதற்குக் கீழே சடை முழுக்க நகையும் பூவும் மூடி, நுனியில் குஞ்சலம். நிஜ மேடையில் எந்த இடத்தில் இணைப்பு மறைகிறதோ, பொம்மையிலும் அதே இடத்தில் மறையும்.

சவுரியைக் கனேகலானில் செய்யலாம், ஆனால் பாக்கெட்டிலிருந்து எடுக்கும் முடியில் பத்தில் ஒரு பங்கு கூட வேண்டாம். மூன்று புரியும் சேர்ந்து ஒரு மெல்லிய பென்சில் அளவுக்கு மேல் போகக்கூடாது. மொஹேரிலேயே செய்ய வேண்டுமென்றால் ரோமக் கற்றைகளை ஒரே இடத்தில் தொடங்காமல், பின்னிக்கொண்டே போகையில் படிப்படியாகப் புதுக் கற்றை சேருங்கள், பூச்சரம் தொடுக்கையில் பூவைச் சேர்ப்பது போல. நடுவில் ஒரு கருப்புத் தையல் நூல் ஓடினால் பலம். நான் மொஹேர்க் கட்சி.

---

லெனேசியா_மலர் (ஜோகன்னஸ்பர்க்)

சவுரி! ஒவ்வொரு நிகழ்ச்சிக்கும் நானே மகளுக்கு வைத்துக் கட்டுகிறேன், பொம்மைக்கு அது தோன்றவே இல்லை. ரொம்ப நன்றி அக்கா.

சரி, மொஹேரே வாங்குகிறேன். சுத்தம் செய்யாத ரோமம்தான் எனக்குக் கிடைக்கும் போலிருக்கிறது. அதைக் கழுவிக் கருப்பாக்கி, தொப்பியில் ஒட்டுவது வரை யாராவது விளக்கமாகச் சொல்ல முடியுமா?

---

கரூ_ஆடு (போர்ட் எலிசபெத்)

கழுவுவதும் சாயமும் நான் சொல்கிறேன், ஒட்டுவதை அக்காவிடம் விடுகிறேன்.

ஆட்டு ரோமத்தில் கொழுப்பும் வியர்வை உப்பும் கரூ மண்ணும் இருக்கும். வாளியில் கை பொறுக்காத சூடு, சுமார் 60 டிகிரி, வெந்நீர் எடுத்துப் பாத்திரம் கழுவும் திரவம் தாராளமாக விடுங்கள். ரோமத்தை வலைப் பைக்குள் கற்றை குலையாமல் அடுக்கி, நீரில் அழுத்தி மூழ்க வைத்துவிட்டுக் கையை எடுத்துவிடுங்கள். கசக்கக்கூடாது, கலக்கக்கூடாது. சூடும் சோப்பும் அசைவும் மூன்றும் சேர்ந்தால் ரோமம் பிணைந்து கம்பளியாகிவிடும். கால் மணி நேரத்துக்கு மேல் ஊறவிட்டு நீர் ஆறினால், கரைந்த கொழுப்பு திரும்ப ரோமத்திலேயே படியும். அதனால் சூடு குறையும் முன் எடுத்து, அதே சூட்டில் புது நீருக்கு மாற்றுங்கள். நீர் தெளியும் வரை இப்படியே. கடைசி அலசலில் கொஞ்சம் வினிகர் விட்டால் சோப்பு அடங்கும், மினுக்கமும் வரும். துண்டில் அழுத்தி நீரை எடுத்து நிழலில் வலையின் மேல் காயப் போடுங்கள்.

கருப்புச் சாயம்தான் கடினம். கம்பளி, பட்டுக்குப் போடும் அமிலச் சாயம் எடுங்கள், பருத்திச் சாயம் ரோமத்தில் சரியாகப் பிடிக்காது. வெளிர் நிறத்துக்கு ரோம எடையில் ஒரு சதவீதச் சாயமே அதிகம். கருப்புக்கு மூன்று, நான்கு சதவீதம் வேண்டும். வினிகர் கலந்த நீரில் 85 டிகிரிப் பக்கம், கொதிக்கவிடாமல், முக்கால் மணி நேரம். நீரிலேயே ஆற விடுங்கள். பிறகு அலசுங்கள், அலசுங்கள், அலசுங்கள். ஈர ரோமத்தை வெள்ளைத் துணியில் அழுத்தி ஒரு இரவு விட்டு, துணியில் நிறம் ஏறவில்லை என்றால் மட்டும் பொம்மைப் பக்கம் கொண்டு போங்கள்.

என் கருத்து ஒன்று: முழுக்கருப்பு வேண்டாம். அடர்பழுப்பில் கொஞ்சம் கருப்பு கலந்து சாயம் போடுங்கள். நம் முடியும் வெயிலில் பழுப்புதானே காட்டும்? முழுக்கருப்பு விக்கைப் படம் எடுத்தால் ஒரே இருட்டுப் பள்ளமாகத் தெரியும், பின்னலின் புரிகூடத் தெரியாது.

---

தையல்பெட்டி (சாட்ஸ்வர்த்)

தம்பி அருமையாகச் சொல்லிவிட்டார். ஒட்டும் வேலைக்கு வருகிறேன்.

முதலில் தலை. 1/3 பொம்மைக்குச் சுற்றளவு 20 முதல் 23 செ.மீ. வரை போகும், 1/4-க்கு 18 முதல் 20. உன் பொம்மையை அளந்து பார், கம்பெனிக்குக் கம்பெனி மாறும். தலையைச் சமையலறை பிளாஸ்டிக் உறையால் இரண்டு சுற்று இறுக்கமாகச் சுற்று. முகம் முழுக்க மூட வேண்டும், ஒரு சொட்டுப் பசையும் முகப் பூச்சில் படக்கூடாது. அதன் மேல் பழைய டி-ஷர்ட் துணியைச் சுருக்கம் இல்லாமல் இழுத்து, கழுத்துப் பக்கம் ரப்பர் பேண்ட் போடு. வெள்ளைக் கைவேலைப் பசையைத் தூரிகையால் பூசு, காய விடு, திரும்பப் பூசு. மூன்று பூச்சில் ஓடு மாதிரி தொப்பி கிடைக்கும். கழற்றுவதற்கு முன் முடி தொடங்கும் கோட்டைப் பென்சிலால் வரைந்துகொள். காதுக்கு முன்னால் கொஞ்சம் இறங்கி, கழுத்துப் பிடரியில் கொஞ்சம் மேலே ஏறி வர வேண்டும். வெட்டுவதை எப்போதும் குறைவாக வெட்டு. தொப்பித் துணி கருப்பாக இருந்தால் முடிக்கு நடுவே வெள்ளை எட்டிப் பார்க்காது.

அடுத்து இழைப்பட்டை. பேக்கிங் தாளின் மேல் ரோமத்தை மெல்லிய அடுக்காக, வெளிச்சம் ஊடுருவும் அளவுக்கு, பரப்பு. ஒரு முனையில் அரை செ.மீ. அகலத்துக்குப் பசை தடவி, இன்னொரு தாளால் அழுத்திக் காய வை. உரித்து, பசை பட்ட ஓரத்தை 2, 3 மி.மீ. மட்டும் விட்டு வெட்டு. பிடரியிலிருந்து தொடங்கி வரிசை வரிசையாக மேலே ஏறு, கூரை வேய்கிற முறை. கீழ் வரிசைகளுக்கு நடுவே ஒரு செ.மீ. இடைவெளி இருக்கலாம். மேலே வர வர நெருக்கு. பின்னல் தலைக்கு ஒரு விஷயம் கவனி. முடி தொங்கும் திசையில் ஒட்டாதே, வாரும் திசையில் ஒட்டு. நெற்றியோரத்திலும் காதோரத்திலும் பட்டையைத் தலைகீழாக, முடி முகத்தின் மேல் விழுகிற மாதிரி ஒட்டி, காய்ந்த பின் பின்னால் மடக்கி வாரினால் பசைக் கோடு உள்ளே மறைந்துவிடும். வேரிலிருந்து எழும்பிப் படிகிற அந்த வளைவுதான் நான் ரசிகன் தம்பியிடம் விட்டுக்கொடுக்காதது.

வகிடு கடைசியில். ஒரு டிஷ்யூ தாளின் மேல் ரோமத்தைக் குறுக்காகப் பரப்பி, நடுவே முடி நிற நூலால் மெஷினில் மிகச் சின்னத் தையல் ஓட்டு. ஒரு முறை போய் வந்தால் பலம். தாளைக் கிழித்து எடுத்துவிட்டால் இருபக்கமும் முடி தொங்கும் ஒரு கோடு கிடைக்கும். அதை உச்சியில் வைத்து ஒட்டி இரு பக்கமும் வாரு. பொம்மையின் தோல் நிறத்தில் மெல்லிய துணி நாடாவை அடியில் வைத்துத் தைத்தால் வகிட்டில் தோலும் தெரியும். கெட்டிலின் ஆவியைத் தூரத்திலிருந்து காட்டிக் கையால் நீவு, சுருள் அடங்கிப் படியும். விக்கைத் தலையில் மாட்டி ஆவி காட்டாதே, தனியாகக் காட்டு.

---

புதுவரவு_டர்பன் (டர்பன்)

இவ்வளவு செலவும் மெனக்கெடலும் தேவையா? 1/3 பொம்மை ஒரிஜினல் வாங்க ராண்ட் கணக்கில் ஒரு மாதச் சம்பளம் போகும். காப்பி வார்ப்புப் பொம்மைகள் நான்கில் ஒரு பங்கு விலைக்குக் கிடைக்கின்றனவே, அதில் பழகினால் என்ன?

---

நுண்கரம் (பீட்டர்மாரிட்ஸ்பர்க்)

காப்பி வார்ப்பு என்பது ஒரு சிற்பி மாதக் கணக்கில் செதுக்கியதை அச்செடுத்து விற்பது. அவருக்கு அதில் ஒரு செண்டும் போகாது. பழகத்தான் வேண்டும் என்றால் 1/6 அளவில் சின்ன ஒரிஜினல் வாங்கலாம், அல்லது பழைய பொம்மையை வாங்கலாம். பொம்மையே இல்லாமல் கூட ஒரு தெர்மோகோல் உருண்டையை வைத்து விக் பழகலாம். நானும் அப்படித்தான் தொடங்கினேன்.

---

நெறியாளர்

காப்பி வார்ப்பு பற்றிய பேச்சுக்குத் தனி இழை இருக்கிறது, அங்கே தொடருங்கள். இங்கே முடியும் உடையும் மட்டும்.

---

லெனேசியா_மலர் (ஜோகன்னஸ்பர்க்)

அக்கா எழுதியதை அச்செடுத்துச் சுவரில் ஒட்டிவிட்டேன். இங்கே காற்று வறட்சி, ரோமத்தைத் தொட்டாலே மின்சாரம் ஏறிப் பறக்கிறது. கையில் கொஞ்சம் தண்ணீர் தெளித்துக்கொண்டு வேலை செய்தால் அடங்குகிறது.

உடைக்கு என் பழைய காஞ்சிபுரம் சேலையை வெட்டலாம் என்று இருக்கிறேன். சேலையை மூன்றால் வகுத்தால் போதுமா? இன்னொன்று, முன்பு ஒரு விற்பனையாளரிடம் வாங்கிய கருநீல உடை பொம்மையின் தோளில் நீலக் கறை விட்டிருக்கிறது. அதைப் போக்க வழி உண்டா?

---

நுண்கரம் (பீட்டர்மாரிட்ஸ்பர்க்)

கறை என் பகுதி. மெலமைன் ஸ்பாஞ்சை நனைத்து மெதுவாகத் தேய்த்தால் மேலோட்டமான கறை போகும். அது உண்மையில் நுண்ணிய உப்புத்தாள், ரெசினின் மேல்தோலையும் சேர்த்துச் சீவும். முகப் பூச்சுப் பக்கம் கொண்டு போகவே வேண்டாம். ஆழமாக இறங்கிய கறை போகாது, உடையால் மறைப்பதுதான் வழி.

வராமல் தடுப்பது எளிது. ரெசின் நுண்துளை உள்ள பொருள், சாயத்தை உறிஞ்சும். கருப்பு, சிவப்பு, கருநீலம் எதுவானாலும் தைப்பதற்கு முன்பே துவையுங்கள். ஈர வெள்ளைத் துணியால் தேய்த்துப் பாருங்கள். எப்படி ஆனாலும் உள்ளே வெள்ளை லைனிங் வையுங்கள். எனக்கு ஷ்வெஷ்வே, நம் நாட்டு அச்சுப் பருத்தித் துணி, உயிர். அந்தச் சின்னச் சின்ன அச்சுகள் பொம்மை அளவுக்கென்றே போட்டவை போல் இருக்கும், பெரிய பூ அச்சு எதுவும் 57 செ.மீ. உடம்பில் எடுபடாது. ஆனால் புது ஷ்வெஷ்வே கஞ்சியில் மொடமொடவென்று இருக்கும். துவைத்தால் சுருங்கும், நீலம் ஓடும். இரண்டு மூன்று தரம் வெந்நீரில் போட்டு எடுத்த பின்தான் என் கத்திரி அதைத் தொடும். நம் ஊர் வெயிலும் ரெசினுக்கு எதிரிதான், புற ஊதாக் கதிர் பட்டால் வெள்ளை ரெசின் மஞ்சளாகும், மாநிறம் வெளிறும். ஜன்னலோரத்தில் பொம்மையை வைக்காதீர்கள். படம் எடுக்கும் நேரம் மட்டும் நிழலில் வெளியே கொண்டு போனால் போதும்.

---

தையல்பெட்டி (சாட்ஸ்வர்த்)

காஞ்சிபுரத்தை வெட்டாதே மலர்! சேலை போனது போனதுதான், பொம்மைக்கும் உதவாது. நீள அகலத்தைச் சுருக்கலாம், துணியின் தடிமனைச் சுருக்க முடியாதே. காஞ்சிப் பட்டில் ஐந்து கொசுவம் வைத்தால் பொம்மைக்கு முன்னால் ஒரு பலகை நிற்கும். டர்பன் துணித் தொழிற்சாலைகளில் தைத்துப் பிள்ளைகளை வளர்த்த தலைமுறை எங்கள் அம்மாக்கள். துணியை விரலுக்கிடையில் தேய்த்துப் பார்க்காமல் ஒரு முழம் வாங்க மாட்டார்கள். பொம்மைத் துணி வாங்கவும் அதே பழக்கம்தான் வேண்டும். உள்ளங்கையில் கசக்கினால் ஒரு சிட்டிகைக்குள் அடங்க வேண்டும். மெல்லிய சைனா சில்க், பழைய மல், ஷிஃபான். துணி வாங்க உனக்கு ஃபோர்ட்ஸ்பர்க் ஓரியண்டல் பிளாசா பக்கம்தானே? இங்கே எங்களுக்குக் கிரே தெருவும் மத்ரசா ஆர்கேடும். ஓரங்குல ஜரிகை நாடாவும் 2 மி.மீ. மணியும் கிடைக்கும்.

மூன்றால் வகுக்காதே, உன் பொம்மையின் விகிதத்தால் வகு. 5.5 மீட்டர் நீளம், 115 செ.மீ. அகலச் சேலை 2.8-ஆல் வகுத்தால் 1.96 மீட்டர், 41 செ.மீ. நாலு அங்குலக் கரை ஒன்றரை அங்குலத்துக்குக் கொஞ்சம் கீழே. நாட்டிய உடை தைத்ததுதானே, அதனால் விசிறிக் கொசுவத்தை மட்டும் தனியாகச் செய். துணியில் தண்ணீரும் கொஞ்சம் வினிகரும் தெளித்து, மடித்த அட்டைக்கு நடுவே வைத்து அழுத்தி, மிதமான சூட்டில் இஸ்திரி போட்டு ஆறும் வரை எடுக்காமல் விடு.

ரவிக்கைக் கை இறுக்கமாக இருக்க வேண்டுமே, முழங்கை மூட்டு உருண்டை அதில் நுழையாதே என்று கவலைப்படாதே. மணிக்கட்டில் உள்ளங்கையை உள் எலாஸ்டிக்கோடு மாட்டியிருக்கும் எஸ்-கொக்கியை இழுத்துப் பொம்மையின் உள்ளங்கையைக் கழற்று. கையை நுழைத்துவிட்டுத் திரும்ப மாட்டு. உள்ளே இருக்கும் எலாஸ்டிக் சட்டென்று உள்ளே ஓடிவிடும், அதனால் ஒரு பென்சிலைக் கொக்கியில் கோத்துக்கொள். பின்பக்கம் திறக்கும் ரவிக்கை, 5 மி.மீ. பிரஸ் பட்டன். தலை வழியாகப் போடும் எந்த உடையும் வேண்டாம், முகப் பூச்சு உரசும்.

சலங்கைக்கு நிஜ உலோகமணி வைத்தால் காலில் முதலில் ஒரு துணிப்பட்டி கட்டு, அதன் மேல் சலங்கை. உலோகம் ரெசினில் கருங்கோடு போடும்.

---

பீனிக்ஸ்_ரசிகன் (பீனிக்ஸ்)

அக்கா சொன்ன நெற்றியோர முறையைச் செய்து பார்த்தேன். என் 1/4 பையனுக்குக் காவடி எடுக்கும் மஞ்சள் வேட்டி தைத்திருந்தேன், பின்னால் வாரிய தலை வேண்டும். கிட் மொஹேர் ஒரு கைப்பிடி கரூ_ஆடு அண்ணா அனுப்பினார். முன்நெற்றி முழுக்க மொஹேர், உச்சிக்குப் பின்னால் கனேகலான். நிறம் ஒத்துப்போகிறது, மினுக்கம் ஒத்துப்போகவில்லை. கனேகலான் பக்கம் பவுடர் போட்ட பிறகும் வெளிச்சத்தில் தனியாகத் தெரிகிறது. நெற்றி விஷயத்தில் அக்கா சொன்னதுதான் சரி. சடையில் பூவும் நகையும் மூடுமிடத்தில் கனேகலான் தெரியாது என்பதில் நான் மாறவில்லை.

---

லெனேசியா_மலர் (ஜோகன்னஸ்பர்க்)

தொப்பி தயார், பிடரி வரிசைகள் ஒட்டியாகிவிட்டது. சடையை நுண்கரம் அக்கா சொன்னபடி மொஹேரிலேயே பின்னுகிறேன், கற்றை சேர்க்கும் முறை கைக்குப் பழகிவிட்டது. பூவுக்கு என்ன செய்வது? கடையில் இருக்கும் செயற்கை மல்லிகை பொம்மைத் தலைக்கு முட்டைக்கோஸ் அளவு தெரிகிறது. அப்புறம் சடை எடையில் விக் பின்னால் நழுவுமோ என்று பயம்.

---

நுண்கரம் (பீட்டர்மாரிட்ஸ்பர்க்)

மல்லிகைக்கு வெள்ளை எம்ப்ராய்டரி நூல். மெல்லிய நாடாவில் முடிச்சுத் தையலை நெருக்கி நெருக்கிப் போட்டால் ஒவ்வொரு முடிச்சும் ஒரு மொட்டு. நடுநடுவே ஆரஞ்சு நூலில் கனகாம்பரம், பச்சையில் ஒரு தையல் மரிக்கொழுந்து. நாடாவின் அடிப்பக்கம் நூல் முனை எல்லாவற்றையும் பசை வைத்து அடக்குங்கள். குஞ்சலத்துக்குக் கருப்புப் பட்டு நூல், மேலே ஒரு பொன் மணி.

---

தையல்பெட்டி (சாட்ஸ்வர்த்)

நழுவும், கட்டாயம் நழுவும். பொம்மை விக்குக்கென்று சிலிக்கான் தலைத்தொப்பி விற்கிறது. ரெசினுக்கும் விக்குக்கும் நடுவே அதைப் போட்டால் பிடிக்கும், சாயமும் தலையில் இறங்காது. சடையின் மேல்முனையை விக் தொப்பியில் ஒட்டாதே, கருப்பு நூலால் நாலு இடத்தில் தைத்துவிடு. பின்னாளில் நாட்டிய உடையைக் கழற்றினால் சடையையும் பிரித்து எடுத்துக் கொண்டை போடலாம். இன்னொரு கட்டு, நாட்டிய இடுப்புப்பட்டை பின்னால் வரும் இடத்தில் சடையை ஒரு தையலால் பிடித்து வை. உன் மகளுக்கும் அப்படித்தானே கட்டுவாய்? எடை தலையில் இறங்காது.

பெட்டியில் வைக்கும்போது பூச்சி உருண்டை போடாதே. நாஃப்தலீன் ஆவி சில பிளாஸ்டிக் மணிகளை இளக்கி ஒட்ட வைத்துவிடும். ஆட்டு ரோமம் அந்துப்பூச்சிக்குப் பிடித்த தீனி, அதனால் மூடிய பையில் கட்டி அவ்வப்போது சில நாள் ஃப்ரீசரில் வை, முட்டையும் சாகும். எங்கள் டர்பன் ஈரத்தில் நான் இதை விடாமல் செய்கிறேன்.

வகிட்டுத் தையலுக்கு 70-ஆம் எண் ஊசி போடு. அதைவிடத் தடித்தால் ரோமம் அறுபடும்.

---

லெனேசியா_மலர் (ஜோகன்னஸ்பர்க்)

70 ஊசி வீட்டில் இருக்கிறது. இன்று ராத்திரி வகிடு தைக்கிறேன். காய்ந்ததும் படம் போடுகிறேன்.